மண்ணின் பதம் பார்த்து ஓட்டும் பந்தயம்: டர்ட் ஓவல் அறிமுகம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சனிக்கிழமை இரவு நடக்கும் மண் தடக் கார்ப் பந்தயம் நமக்கு ஞாயிறு காலை எட்டரை மணிக்கு, இட்லித் தட்டு கையில் இருக்கும் நேரத்தில் வரும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "மாமா, அவர் ஸ்டியரிங்கை வலது பக்கமாத்தானே ஒடிச்சு வெச்சிருக்கார்? வண்டி எப்படி இடது பக்கம் திரும்புது?"

பெரியவர்கள் வழக்கமாக வேறு கேள்வி கேட்பார்கள். "சும்மா வட்டமாச் சுத்திக்கிட்டே இருக்காங்களே, இதுல என்ன இருக்கு?" என்பார்கள். பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பெரியவர்களின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் தடம். ஓவல் என்றால் இரண்டு நேர்ப்பகுதிகளை இரண்டு பெரிய வளைவுகள் இணைக்கும் தடம், நம் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஓட்டப்பந்தயத் தடத்தைப் போல. ஆனாலும் வளைவுகளை நான்கு என்று எண்ணுவார்கள். முதல் நேர்ப்பகுதியின் முடிவில் நுழையும் இடம் ஒன்று, வெளியேறும் இடம் இரண்டு, எதிர்ப்பக்கத்தில் மூன்று, நான்கு. "மூணாவது டர்னில் முந்தினார்" என்று வர்ணனையில் வந்தால் குழம்ப வேண்டாம். ஓட்டம் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், அதாவது இடப்பக்கம் மட்டுமே திரும்பி. தார் போட்ட ஓவல்கள் மிகப் பெரிதாகவும் இருக்கும். இண்டியானாபொலிஸ் தடத்தின் ஒரு சுற்று 2.5 மைல், அதாவது 4 கிலோமீட்டர். டர்ட் ஓவல் எனப்படும் மண் ஓவல்கள் சிறியவை. பெரும்பாலானவை கால் மைலிலிருந்து அரை மைலுக்குள், நம் கணக்கில் 400 மீட்டரிலிருந்து 800 மீட்டருக்குள் அடங்கிவிடும். பார்வையாளர் மேடையில் எங்கே உட்கார்ந்தாலும் முழுத் தடமும் கண்ணுக்குத் தெரியும். மண் பந்தயத்தின் ஈர்ப்பில் பாதி அதில்தான் இருக்கிறது என்பேன்.

இந்தத் தடங்களில் பல, கார் வருவதற்கு முன்பே இருந்தவை. அமெரிக்க மாவட்டங்களில் ஆண்டுதோறும் விவசாயக் கண்காட்சி நடக்கும் திடல்களில் குதிரைப் பந்தயத்துக்கு மண் ஓவல்கள் இருந்தன. கார் வந்ததும் அதே ஓவலில் காரையும் விட்டுப் பார்த்தார்கள். மில்வாக்கியின் ஒரு மைல் தடத்தில் 1903-லேயே கார்கள் ஓடின. இன்று தார்ச்சாலைப் பந்தயமாகவே நாம் அறிந்திருக்கும், அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரின் முதல் பெரும் பந்தயம், 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட்டில் நடந்தது; அது முக்கால் மைல் மண் தடம். அதன்பின் ஒவ்வொரு தடமாகத் தார் பூசிக்கொண்டது. 1970 செப்டம்பரில் ராலே நகரத்தில் ரிச்சர்ட் பெட்டி வென்ற பந்தயத்தோடு நாஸ்காரின் முதல்நிலைத் தொடர் மண்ணை விட்டு வெளியேறியது. மறுபடி மண்ணில் இறங்க அதற்கு 50 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

நம் ஊர் தொடர்பு ஒன்றும் இதில் உண்டு. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய பிறகு, 2010-இல் நாஸ்காரின் பிக்கப் டிரக் தொடரில் ஓட்டினார். அவர் முதலில் களமிறங்கிய மார்ட்டின்ஸ்வில் ஓவல் 1947-இல் மண் தடமாகத் திறக்கப்பட்டு, 1955-இல் தார் போடப்பட்டது. 2010-இல் அத்தொடரின் ரசிகர்கள் அவரை மிகப் பிரபலமான ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

மண் பந்தயம் அழிந்துவிடவில்லை. தனக்கென்று தனிக் கார்களோடும் தனி நாயகர்களோடும் தனி ஊர்களோடும் வளர்ந்தது. மிட்ஜெட், லேட் மாடல், மாடிஃபைடு என்று வகைகள் பல. தொடக்கத்தில் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஸ்பிரிண்ட் கார் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், மற்றவை தானாகப் பிடிபடும்.

ஸ்பிரிண்ட் காரை முதலில் பார்ப்பவருக்கு அது முழுமையான காராகவே தெரியாது. இரும்புக் குழாய்களால் பின்னிய ஒரு கூண்டு. நடுவில் ஒருவர் உட்காரும் இருக்கை. முன்னால் ஒரு பெரிய வி8 எஞ்சின். தலைக்கு மேலே கட்டிலைத் தூக்கி வைத்ததுபோல ஒரு பெரிய இறக்கை. முன்கண்ணாடி கிடையாது. ஓட்டுநரோடு சேர்த்து எடை சுமார் 640 கிலோதான், நம் மாருதி 800-இன் எடையை ஒட்டி வரும். எஞ்சினின் சக்தியோ ஏறத்தாழ 900 குதிரைத்திறன். எடைக்கும் சக்திக்குமான விகிதத்தில் ஃபார்முலா ஒன் காருக்கு இது எந்த வகையிலும் இளைத்ததில்லை. எரிபொருள் மெத்தனால்.

இதில் கிளட்ச் இல்லை. கியர்பாக்ஸ் இல்லை. பேட்டரியும் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. எடையைக் குறைக்க எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். அப்படியானால் எப்படிக் கிளப்புவது? நம் ஊரில் செல்ஃப் எடுக்காத அம்பாசடரை என்ன செய்வோமோ அதேதான். தள்ளு! முன்பக்கம் மெத்தை கட்டிய டிரக் ஒன்று பின்னாலிருந்து முட்டித் தள்ளும். வண்டி உருண்டு வேகம் பிடித்து, ஆயில் அழுத்தம் ஏறியதும் ஓட்டுநர் எஞ்சினை உயிர்ப்பிப்பார். பந்தயத்தின் நடுவே சுழன்று நின்றுபோனாலும் இந்தத் தள்ளு டிரக் வந்துதான் மறுபடி கிளப்ப வேண்டும். உலகின் மிக வேகமான கார்களில் ஒன்று, வரிசையில் நின்று தள்ளு வாங்கிக் கிளம்புவதைப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தரும் காட்சி.

இப்போது சக்கரங்களுக்கு வருவோம். பையனுக்கு இதைப் புரியவைக்க அடுக்களையிலிருந்து காபி டம்ளர் ஒன்றை எடுத்துவந்தேன். வாய் அகலம், அடி குறுகல். மேசைமேல் படுக்க வைத்து உருட்டச் சொன்னேன். நேராகப் போகவில்லை, அடிப்பக்கமாக வளைந்து வட்டம் போட்டது. ஸ்பிரிண்ட் காரின் பின்சக்கரங்கள் இரண்டும் இந்த டம்ளர்தான். வலது பின்டயர் பெரிது, இடது பின்டயர் சிறிது. இரண்டின் சுற்றளவுக்கும் ஏறத்தாழ ஓர் அடி வித்தியாசம் இருக்கும். நம் கார்களில் திருப்பத்தின்போது இரண்டு பின்சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற உதவும் டிஃபரன்ஷியல் இங்கே கிடையாது. ஒரே கட்டை அச்சில் இரண்டும் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. அதனால் அச்சு சுற்றினாலே வண்டி தானாக இடப்பக்கம் வளையப் பார்க்கும். இந்த அளவு வித்தியாசத்துக்கு ஸ்டேகர் என்று பெயர். டயரில் காற்றைக் கூட்டிக் குறைத்தே இதை மாற்றலாம். அந்தக் காற்றும் மிகக் குறைவு. நம் காருக்கு அடிப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். டயர் தளர்ந்து பரந்து மண்ணைக் கவ்வ வேண்டும் அல்லவா?

இனி பையனின் கேள்வி. தார்ச்சாலையில் ரப்பர் ஒட்டிப் பிடிப்பதால் வண்டி திரும்புகிறது; சறுக்கினால் பிடி போய்விடும். உதிரி மண்ணில் கதை வேறு. சக்கரம் பக்கவாட்டில் சறுக்கும்போது மண்ணைத் தள்ளிக்கொண்டு போகிறது. தள்ளப்பட்ட மண் சக்கரத்தின் பக்கத்தில் குவிந்து அணை கட்டியதுபோல் எதிர்த்து நிற்கிறது. அந்த அணைதான் பிடி. ஆகவே மண்ணில் வேகமாக வளைய வேண்டுமென்றால் சறுக்கித்தான் ஆகவேண்டும். ஓட்டுநர் வளைவுக்குள் நுழையும்போதே வண்டியின் மூக்கை உள்பக்கம் திருப்பிப் பின்பகுதியை வெளியே வீசுகிறார். இப்போது வண்டி குறுக்காக நிற்கிறது, ஆனால் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. மூக்கு உள்பக்கம் நோக்கியிருப்பதால், பின்சக்கரங்கள் தரும் உந்துதலில் ஒரு பங்கு வண்டியை வளைவின் உள்ளே தள்ளுகிறது. முன்சக்கரங்களோ வண்டி உண்மையில் நகரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். அந்தத் திசை மூக்குக்கு வலப்புறம். ஸ்டியரிங் வலது பக்கம் ஒடிந்திருப்பது அதனால்தான்.

கையைவிட வலது கால்தான் இங்கே அதிகம் திருப்புகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்பகுதி மேலும் வெளியே போய் மூக்கு இன்னும் உள்ளே திரும்பும். கொஞ்சம் விட்டால் வண்டி நேராகும். மயிரிழை அதிகம் அழுத்தினால் சுழன்றுவிடும். வளைவிலிருந்து வெளியே வரும்போது எடை முழுவதும் வலது பின்சக்கரத்தில் இறங்கி, இடது முன்சக்கரம் காற்றில் தூக்கி நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். படத்துக்காகச் செய்யும் வித்தை இல்லை, வண்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

மேலே இருக்கும் இறக்கைக்கும் இதில் பங்கு உண்டு. 25 சதுர அடிப் பரப்பு. காற்று அதை அழுத்த, டயர்கள் மண்ணோடு நெருங்கும். அதன் இருபுறமும் பெரிய பலகைகள் இருக்கும். வண்டி குறுக்காகப் போகும்போது எதிர்க்காற்று அந்தப் பலகையில் மோதி வண்டியை உள்பக்கம் தாங்கிப் பிடிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் இறக்கையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். பின்னாலுள்ள தொட்டியில் எரிபொருள் தீரத் தீரப் பின்சக்கரங்களின் மேல் எடை குறையும், தடமும் காயும். அப்போது இறக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பின்சக்கரங்களுக்குப் பிடி கொடுப்பார்கள்.

தடம் காயும் என்றேன். இந்தப் பந்தயத்தின் உயிர்நாடி அதுதான்.

நம் விவசாயிகளிடம் ஓர் அருமையான சொல் இருக்கிறது: பதம். உழவுக்குப் பதம் பார்ப்பார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்தி, உருண்டை பிடிக்கிறதா, தட்டினால் உதிர்கிறதா என்று பார்ப்பார்கள். சேறாக ஒட்டினாலும் கூடாது, பொடியாகப் பறந்தாலும் கூடாது. மண் தடத்தைப் பராமரிப்பவரின் வேலையும் அச்சாக இதுதான். தடத்துக்குப் போடுவது களி நிறைந்த மண். அதை உழுது, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி இறுக்குவார்கள். மேலே நனைந்தால் போதாது, அடிவரை ஈரம் இறங்கியிருக்க வேண்டும். பந்தய நாள் மாலையில் தண்ணீர் லாரி கடைசியாக ஒரு முறை சுற்றிவிட்டுப் போனதும், பந்தயக் கார்களையே மெதுவாக ஓடவிட்டுச் சக்கரங்களால் மண்ணைத் தட்டிக் கெட்டியாக்குவார்கள்.

முதல் ஓட்டங்கள் நடக்கும்போது மண் கறுத்து ஈரமாக, நன்றாகப் பிடிக்கும் பதத்தில் இருக்கும். அன்றைய மிக வேகமான சுற்றுகள் அப்போதுதான் வரும். அயோவாவின் நாக்ஸ்வில் தடத்தில் அரை மைலை 15 வினாடிக்குள் முடித்துவிடுவார்கள். மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டிய சராசரி வேகம், அதுவும் சறுக்கிக்கொண்டே! தகுதிச் சுற்றில் முன்னதாக ஓடக் கிடைத்தவருக்குப் பதமான மண்ணும், கடைசியில் ஓடுபவருக்குத் தேய்ந்த மண்ணும் அமைவதால், வரிசை எண்ணுக்குச் சீட்டு எடுக்கும் நேரத்திலேயே ஓட்டுநர்களின் முகம் மாறும்.

போகப்போக டயர்கள் ஈர மண்ணைச் சீவிச் சீவி வெளிச்சுவர்ப் பக்கம் எறிகின்றன. அங்கே மண் ஒரு வரப்பாகக் குவிகிறது. இதைக் குஷன் என்பார்கள். வலது பின்சக்கரத்தை அந்த வரப்பில் முட்டுக்கொடுத்து நிறுத்தினால், சுவர் ஓரமாக முழு வேகத்தில் சுற்றிவரலாம். சுற்றுத் தூரம் அதிகம்தான், ஆனால் காலை எடுக்க வேண்டியதில்லை. ஆபத்தும் அங்கேதான். ஒரு சாண் அதிகம் போய் வரப்பை ஏறிவிட்டால் அந்தப் பக்கம் பிடிமானம் இல்லை, சுவர்தான் இருக்கிறது. வரப்பில் தவறான கோணத்தில் சக்கரம் சிக்கினால் வண்டி குட்டிக்கரணம் அடிக்கும்.

தடத்தின் நடுப்பகுதியோ இதற்குள் காய்ந்து, தேய்ந்து, மெருகேற்றிய சிவப்பு சிமெண்ட் திண்ணையைப் போலப் பளபளக்கத் தொடங்கியிருக்கும். இதுதான் ஸ்லிக். இங்கே 900 குதிரைத்திறனும் சுமைதான். அழுத்தினால் சக்கரம் வெறுமனே சுழலும். அடியோரத்தில், தடத்தின் உள்விளிம்பை ஒட்டி, கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருக்கலாம். ஆக இறுதிப் பந்தயம் தொடங்கும்போது ஓட்டுநர் முன் இரண்டு வழிகள்: மேலே வரப்பை நம்பி நீண்ட வட்டம் போடுவதா, கீழே மிச்சமிருக்கும் ஈரத்தைத் தேடிக் குறுகிய வட்டம் போடுவதா? பத்துச் சுற்றுக்கு முன் சரியாக இருந்த விடை இப்போது தவறாக இருக்கும். ஏனென்றால் முன்னால் போகும் ஒவ்வொரு வண்டியும் தடத்தை மாற்றிவிட்டுப் போகிறது. தார்த்தடம் ஏறக்குறைய நேற்று இருந்ததுபோல்தான் இன்றும் இருக்கும். மண் தடம் ஏழு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு வேறொன்று. வெறும் வட்டம் என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: ஓட்டுநர்கள் ஒரே தடத்தில் இரண்டாவது முறை ஓடுவதே இல்லை.

இந்தப் பதம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2021-இல் எல்லோரும் பார்த்தார்கள். டென்னசியின் பிரிஸ்டல் ஓவல் முழுவதும் மண்ணைக் கொட்டி, நாஸ்காரின் முதல்நிலைத் தொடர் மீண்டும் மண்ணுக்குத் திரும்பியது. ஈரம் கூடிப்போன நேரத்தில் சேறு பறந்து முன்கண்ணாடிகளை மூடியது. டிரக்குகளின் தகுதி ஓட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. பிறகு காய்ந்தபோது புழுதி கிளம்பிப் பின்னால் வருபவர் கண்ணை மறைத்தது. ஸ்பிரிண்ட் காருக்கு ஏன் முன்கண்ணாடி இல்லை என்பது இப்போது விளங்கும். ஹெல்மெட்டின் கண்ணாடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை அடுக்காக ஒட்டியிருப்பார்கள். சேறு படியப் படிய ஓட்டுநர் ஒவ்வொன்றாகக் கிழித்து எறிந்துகொண்டே போவார், ஒரு கையால், சறுக்கும் வண்டியில்.

இத்தனை தண்ணீர் கேட்கும் தடத்துக்கு மழை ஆகாது என்பதும் விந்தை. நல்ல மழை பிடித்தால் பந்தயம் ரத்து.

ஓர் இரவு எப்படி நகரும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒவ்வொரு காரும் தனியாக ஓடி நேரம் குறிப்பார்கள். அடுத்து ஹீட் எனப்படும் குறும்பந்தயங்கள், எட்டு பத்துச் சுற்றுகள் வரும். அவற்றில் முன்னணியில் வந்தவர்கள் நேரடியாக இறுதிக்குப் போவார்கள். தவறியவர்களுக்குப் பி-மெயின் என்ற கடைசி வாய்ப்பு உண்டு. பிறகு ஏ-மெயின், அதாவது இறுதி. வழக்கமாக 25 முதல் 40 சுற்றுகள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்டில் நடக்கும் நாக்ஸ்வில் நேஷனல்ஸ் மட்டும் பெரிது: 1961-இல் தொடங்கிய இப்போட்டி நான்கு இரவுகள் நடந்து 50 சுற்று இறுதியில் முடியும். ஜனவரியில் ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில், ஒரு கண்காட்சி அரங்கத்துக்குள் மண்ணைக் கொட்டி ஸ்பிரிண்ட் காரைவிடச் சிறிய மிட்ஜெட் கார்களுக்காக நடத்தும் சில்லி பவுல் இன்னொரு அதிசயம். 300-க்கும் மேற்பட்ட கார்கள் வருவதால் ஏ, பி, சி என்று எழுத்துகள் வெகுதூரம் இறங்கும். கடைசி எழுத்தில் தொடங்குபவர், ஒவ்வொன்றிலும் முன்னணியில் வந்தால், அதே நாளில் படிப்படியாக ஏறலாம். அப்படி ஏறி வருபவரைத்தான் கூட்டம் எழுந்து நின்று பார்க்கும்.

முந்துவதில் இவ்விளையாட்டுக்கே உரிய ஒரு உத்தி உண்டு: ஸ்லைடு ஜாப். எதிராளி மேலே வரப்போரமாகப் போய்க்கொண்டிருக்கிறார். பின்னால் வருபவர் வளைவின் நுழைவில் காலை எடுக்காமல் கீழ்வழியில் பாய்ந்து, அந்த வேகத்திலேயே மேல்நோக்கிச் சறுக்கி, எதிராளியின் மூக்குக்கு முன்னால் போய் நிற்கிறார். இடம் விட்டுச் சறுக்கினால் அழகு. விடாமல் சறுக்கினால் இருவருக்கும் மோதல்தான். மேலே இருந்தவருக்கும் பதில் உண்டு: சட்டென்று மூக்கைக் கீழே திருப்பி, சறுக்கி மேலே போனவர் காலி செய்த இடத்தின் வழியாக உள்ளே புகுந்து, அடுத்த நேர்ப்பகுதியில் மீண்டும் முந்திவிடுவார். இரண்டு வளைவுக்குள் இடம் நான்கு முறை மாறுவதும் உண்டு. ஓஹியோவின் எல்டோரா தடத்தில், 24 பாகை சாய்ந்த வளைவுகளில், இதைப் பார்க்க வேண்டும். 1954-இல் எர்ல் பால்ட்ஸ் கட்டிய அத்தடம் இப்போது ஓட்டுநர் டோனி ஸ்டூவர்ட்டின் கையில் இருக்கிறது. 2011-இல் கைல் லார்சன் என்ற இளைஞர் அங்கே ஒரே இரவில் மூன்று வேறு வகைக் கார்களில் மூன்று பந்தயங்களை வென்றார். அவர் பின்னாளில் நாஸ்கார் சாம்பியனானார். இன்றும் நாக்ஸ்வில் மண்ணுக்குத் திரும்பி வந்து வெல்கிறார்.

தொடர்களில் முதன்மையானது 1978-இல் டெட் ஜான்சன் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ். எந்த அமைப்புக்கும் கட்டுப்படாமல், பணம் கொடுக்கும் ஊருக்கெல்லாம் காரை இழுத்துக்கொண்டு போனவர்களை அவுட்லா என்றார்கள், அதுவே பெயராகிவிட்டது. முதல் ஆண்டே வென்ற ஸ்டீவ் கின்சர் மொத்தம் 20 முறை சாம்பியன். அமெரிக்காவுக்கு வெளியே ஆஸ்திரேலியாவில் இவ்விளையாட்டு உயிரோடு இருக்கிறது. விக்டோரியாவின் வார்னம்பூல் நகரத்தில் ஜனவரியில் நடக்கும் கிராண்ட் ஆனுவல் கிளாசிக் 1973 முதல் வருகிறது.

ஆபத்தை மறைத்துச் சொல்ல விருப்பமில்லை. சக்கரங்கள் மூடப்படாமல் இருப்பதால் ஒன்றோடொன்று ஏறினால் வண்டி பறக்கும். கூண்டு, ஐந்துக்கும் மேற்பட்ட வார்கள், கழுத்தைக் காக்கும் பட்டை, தீத் தாங்கும் உடை எல்லாம் இருந்தும் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. மஞ்சள் கொடி என்றால் எல்லோரும் வேகம் குறைத்து வரிசையில் வர வேண்டும். சிவப்பு என்றால் அப்படியே நிற்க வேண்டும். சிவப்புக் கொடி விழுந்ததும் மேடையில் அத்தனை பேரும் அமைதியாகி, கூண்டிலிருந்து ஓட்டுநர் வெளியே வரும்வரை காத்திருப்பார்கள். வந்ததும் கைதட்டல், அவர் யாராக இருந்தாலும்.

முதல்முறை பார்க்க உட்காருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலிடத்தில் இருப்பவரை விட்டுவிடுங்கள். ஏழாவதோ எட்டாவதோ தொடங்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வலது பின்சக்கரத்தை மட்டும் பாருங்கள். ஐந்தாவது சுற்றில் அது எங்கே உருள்கிறது, பதினைந்தில் எங்கே, இருபத்தைந்தில் எங்கே? எல்லோரும் மேலே வரப்பைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் ஒரு சுற்றில் கீழே இறங்கி, காலை மெல்ல வைத்துப் பார்ப்பார். அடுத்த சுற்றிலும் இறங்கினால் அங்கே ஈரத்தைக் கண்டுவிட்டார் என்று பொருள். என் அக்கா மகன் இப்போது இதை என்னைவிட முன்னதாகக் கண்டுபிடித்துவிடுகிறான். "மாமா, பச்சை வண்டி கீழே வந்துடுச்சு பாருங்க" என்பான், வர்ணனையாளர் சொல்வதற்கு இரண்டு சுற்று முன்பே.